ஊஞ்சல் இருக்கிறது, ஆள் எங்கே?

2021 ஜூலை. கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த காலம். திருவனந்தபுரத்தில் தம்பானூருக்கும் தலைமைச் செயலகத்துக்கும் நடுவே இருக்கிற செங்கல்சூளைக் குடியிருப்பின் பையன்கள் சேர்ந்து ஒரு வீடியோ எடுத்தார்கள். ‘அயன்’ படத்தில் சூர்யா ஆடிய ஆட்டத்தையும் போட்ட சண்டையையும் அசைவுக்கு அசைவு தாங்களே செய்து, கைபேசியில் படம்பிடித்து, தாங்களே வெட்டி ஒட்டி வெளியிட்டார்கள். குடியிருப்பின் சந்துகள்தான் செட். சொல்லிக்கொடுக்க டான்ஸ் மாஸ்டர் யாருமில்லை. வீடியோ காட்டுத்தீயாய்ப் பரவியது. சூர்யாவே அதைப் பகிர்ந்து பாராட்டினார். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எல்லோரும் பார்த்தோம், ரசித்தோம், அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டோம்.

அந்தப் பையன்கள் செய்தது பொழுதுபோக்கு மட்டும்தானா? கையில் கிடைத்ததை வைத்து, பெரியவர் எவரும் ஏவாமல், தாங்களே திட்டமிட்டு, தவறினால் திரும்பச் செய்து, முடிவில் ஊரைக் கூட்டிக் காட்டுகிற அளவுக்கு ஒன்றை உருவாக்கினார்கள். குழந்தைகளின் விளையாட்டு என்றாலே இதுதான். ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு தினமும் கிடைக்க வேண்டும், அதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தில் சம்பளம் வாங்குகிற ஒரு பெரியவரும் வேண்டும் என்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே முடிவுகட்டிய ஊர்கள் உலகில் உண்டு. சாகச விளையாட்டுத் திடல் என்று அதைச் சொல்லலாம். திருவனந்தபுரத்தில் அப்படி ஒன்று அமைய வேண்டுமென்றால் நான் கைகாட்டும் இடம் ஸ்ரீவராகம்.

ஏன் ஸ்ரீவராகம்?

கிழக்கேகோட்டையின் நெரிசலைக் கடந்து தெற்கே போனால் வரும் பழைய குடியிருப்புப் பகுதி அது. லட்சுமியோடு கூடிய வராகமூர்த்தியின் கோயில். கோயிலை ஒட்டி, கண்ணுக்கு அடங்காத பெரிய குளம். குளக்கரையைச் சுற்றி ஓட்டு வீடுகளும் புது மாடி வீடுகளும் கலந்து நிற்கின்றன. அங்கிருந்து ஒரு பக்கம் மணக்காடு, இன்னொரு பக்கம் முட்டத்தறை. அட்டக்குளங்கரைப் பக்கம் போனால் கரிமடம். ஆற்றுக்கால் பகவதி கோயிலும் தொலைவில்லை. நடுத்தர வர்க்கத்து வீட்டுப் பிள்ளையும், மீனவர் வீட்டுப் பிள்ளையும், கூலி வேலை பார்ப்பவரின் பிள்ளையும் நடந்தே வந்து சேரக்கூடிய இடம் இந்த நகரத்தில் அதிகமில்லை.

கரிமடத்தில் குடிசைகளை எடுத்துவிட்டு அடுக்குக் குடியிருப்பு கட்டும் வேலையைச் செய்தது கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வழியில் நடக்கும் காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு. செங்கல் சுவர், நடுவில் பொது முற்றம், ஆட்கள் நின்று பேசும்படியான படிக்கட்டு என்று யோசித்துச் செய்தார்கள். முட்டத்தறையில் கடல் அரிப்பால் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்காக அரசு கட்டிய 192 வீடுகள் 2018இல் திறக்கப்பட்டன. கூரை ஒழுகாத வீடு பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு மணலும், இழுத்துப் போட்ட வள்ளமும், கிழிந்த வலையும், அலையும்தான் விளையாட்டுச் சாமான். மாடி வீட்டுக்கு வந்ததும் அவையெல்லாம் போய், வண்டி நிறுத்துமிடம் மிஞ்சுகிறது. அங்கே பந்து வண்டிமேல் பட்டால் திட்டு விழும்.

கேரளத்தில் இப்போது எங்கு பார்த்தாலும் டர்ஃப். பச்சைச் செயற்கைப் புல், சுற்றிலும் வலை, இரவு விளக்கு, மணிக்கணக்கில் வாடகை. காசுள்ள பையன்கள் பங்கு போட்டு ஆடுகிறார்கள். காசில்லாதவன் வலைக்கு வெளியே நின்று பார்க்கிறான். தெருவிலோ வாகனம், தெருநாய், போதைக் கும்பல் பற்றிய பயம். இந்த மூன்றில் ஒன்றையும் பொய்ப் பயம் என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது. ஆகவே பிள்ளை வீட்டுக்குள், கைபேசியோடு.

சட்டத்தில் குறையில்லை. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவை இந்தியா 1992இல் ஏற்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், விதிப்படி மைதானம் இல்லாத பள்ளிகளை மூடும் அளவுக்குக்கூட அரசு போகலாம் என்று கடுமையாகச் சொன்னது. அடுத்த ஆண்டு, போதைப் பழக்கத்துக்கு எதிராகப் பள்ளிகளில் சும்பா நடனம் வந்து, அதை ஒட்டிப் பெரிய சர்ச்சையும் வந்தது. மைதானம், பயிற்சி, நடனம் என்று பேசுகிறோம். பிள்ளை தன் இஷ்டத்துக்கு விளையாடும் நேரத்தைப் பற்றி மட்டும் பேச்சே எழவில்லை.

பழைய சாமான் திடல்

கார்ல் தியோடர் சோரன்சென் டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர். பல விளையாட்டுத் திடல்களை அழகாக வடிவமைத்தவர். பிள்ளைகளோ அவருடைய திடல்களை விட்டுவிட்டு, கட்டடம் கட்டும் இடத்தில் கிடக்கும் பலகையும் செங்கல்லும் வைத்து ஆடுவதைக் கவனித்தார். அப்படியானால் அந்தப் பழைய சாமான்களையே கொடுத்துவிட்டால் என்ன என்று 1931இல் ஒரு புத்தகத்தில் எழுதினார். நாஜிப் படை டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த 1943இல், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் ஒரு தொழிலாளர் கூட்டுறவுக் குடியிருப்பில் அந்த யோசனை நிஜமானது. சுற்றிலும் மண்மேடு எழுப்பினார்கள். உள்ளே நடப்பது வெளியே தெரியாது. மரம், கயிறு, செங்கல், மண்வெட்டி, சுத்தியல், ஆணி ஆகியவற்றைக் குவித்துவைத்தார்கள்.

இந்தக் கதையில் சோரன்சென் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். என் மதிப்பில் அவரைவிட முக்கியமானவர் யோன் பெர்டெல்சன். கடலோடியாக இருந்து, பிறகு மழலையர் ஆசிரியரானவர். அந்தத் திடலில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முதல் ஆள் அவரே. என்ன விளையாட வேண்டும் என்று அவர் சொல்ல மாட்டார். பிள்ளைகள் என்ன தொடங்குகிறார்களோ அதற்கு வேண்டியதைத் தேடிக் கொடுப்பார். குகை தோண்டினால் மண்வெட்டி. வீடு கட்டினால் பலகை. சண்டை வந்தால் பக்கத்தில் போய் நிற்பது. சாமான் வந்துசேர்வது குறைந்துகொண்டே போனது. 1947இல் அவர் விலகினார். பிறகு அக்னெடே வெஸ்டரெங் என்ற பெண்மணி பொறுப்பேற்றார். ஆள் மாறியபோது திடலின் குணமும் மாறியது. சோரன்சென் வரைந்த படம் அப்படியேதான் இருந்தது.

1946இல் எம்ட்ரப்பைப் பார்த்த இங்கிலாந்தின் மார்ஜரி ஆலன் ஊர் திரும்பி, லண்டனில் குண்டு விழுந்து இடிந்து கிடக்கும் மனைகளைப் பிள்ளைகளுக்கு இப்படித் திறந்துவிடலாமே என்று படத்தோடு பத்திரிகையில் எழுதினார். 1948இல் கேம்பர்வெல்லில் ஒன்று, 1955இல் லாம்பெத்தில் குண்டு வீழ்த்திய பள்ளி மனையில் இன்னொன்று எனத் தொடங்கி நாடெங்கும் பரவியது. 1967இல் பெர்லினில் ஒன்று தொடங்க, ஜெர்மனியில் அவை நூற்றுக்கணக்கில் பெருகின. 1979இல் டோக்கியோவின் செடகாயா வட்டாரத்தில் ஹனெகி விளையாட்டுப் பூங்கா வந்தது. மார்ஜரி ஆலனின் புத்தகத்தை ஜப்பானியத்தில் மொழிபெயர்த்த ஒமுரா தம்பதி அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு தொடங்கிய முயற்சி அது. இடமும் பணமும் உள்ளாட்சியுடையது, நடத்துவது அக்கம்பக்கத்தார், நிற்பது சம்பளம் வாங்கும் விளையாட்டுத் துணைவர். வாசல் பலகையில், உன் பொறுப்பில் சுதந்திரமாக விளையாடு என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார்கள். 2000இல் குழந்தை உரிமைக்கென நகரச் சட்டம் போட்ட கவாசாகி, மூன்றே ஆண்டில் அந்தச் சட்டத்தின் அடிப்படையிலேயே ஒரு திடலைத் திறந்தது. வேல்ஸ் 2010இல் இன்னும் ஒரு படி மேலே போனது. தம் பகுதியில் பிள்ளைகளுக்குப் போதுமான விளையாட்டு வாய்ப்பு இருக்கிறதா என்று கணக்கெடுப்பதும், அதை உறுதிசெய்வதும் உள்ளாட்சியின் சட்டப்படியான கடமை என்று முதலில் சொன்ன நாடு அதுதான்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், வறுமை மிகுந்த டால்மார்நாக் பகுதியில் பால்டிக் ஸ்ட்ரீட் என்றொரு திடல் உண்டு. அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாடும் போடுகிறார்கள். சத்துணவு கண்ட தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பசித்த பிள்ளை படிக்காது என்று நமக்குத் தெரியும். பசித்த பிள்ளை விளையாடாது என்பதையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

சுத்தியல் பிடிக்கும் கை

பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். ஆணியும் சுத்தியலும் பிள்ளை கையிலா? அடிபட்டால்?

ஸ்ரீவராகத்தில் அப்படியொரு திடலில் ஒரு மாலை எப்படிப் போகும் என்று பார்ப்போம். பள்ளி விடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே துணைவர் வந்துவிடுவார். அவருடைய முதல் வேலை தரையைப் பார்ப்பது. நேற்றுப் பிடுங்கிப் போட்ட பலகையில் துருப்பிடித்த ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா? மழையில் ஊறிய கொம்பு உள்ளே உளுத்திருக்கிறதா? கயிற்றின் முடிச்சு இளகியிருக்கிறதா? ஓலைக் குவியலுக்கு அடியில் பாம்பு, தேள்? இவை பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள். இவற்றை ஒன்று விடாமல் எடுத்துவிடுவது அவர் கடமை. மரத்தின் உயரமோ பிள்ளையின் கண்ணுக்கு நேராகத் தெரியும் ஆபத்து. எவ்வளவு ஏறலாம் என்று அந்தப் பிள்ளையே முடிவு செய்யும். அங்கே அவர் கைவைக்க மாட்டார். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்தத் தொழிலின் உயிர். அதற்குப் பயிற்சி வேண்டும்.

நான்கு மணிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். எட்டு வயதுப் பெண் ஒருத்தி சுத்தியல் கேட்கிறாள். துணைவர் எடுத்துக் கொடுக்கிறார். அவள் பிடியின் நுனியை விட்டுத் தலைக்குப் பக்கத்தில் பிடிக்கிறாள்; அடி ஆணிமேல் விழாமல் வழுக்குகிறது. ஆணியைப் பிடித்த விரல்கள் நடுங்குகின்றன. அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து தன் பலகையில் ஓர் ஆணி அடிக்கத் தொடங்குகிறார், முதலில் மெல்லத் தட்டி நிறுத்தி, விரலை எடுத்துவிட்டு, பிறகு பலமாக. “இப்படிப் பிடி மோளே” என்று சொன்னாரானால் அது அவருடைய பலகை ஆகிவிடும். சொல்லவில்லை. அவள் ஓரக்கண்ணால் பார்க்கிறாள். அடுத்த ஆணியில் அவளும் விரலை எடுத்துவிடுகிறாள். இரண்டு ஆணி வளைகிறது, மூன்றாவது இறங்குகிறது. விரலில் அடிபட்டு அழுதாலும், தண்ணீரில் விரலை வைத்துக்கொண்டு அவளே திரும்பி வருவாள்.

நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர் பிள்ளைகள் தேடிப்போகும் துணிகர விளையாட்டுகளை 2007இல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், கூரான கருவி, தீயும் நீரும் போன்ற ஆபத்தான இடம், மல்லுக்கட்டு, யார் கண்ணிலும் படாமல் மறைவது. நம் பாட்டன்மார் கொல்லையிலும் குளத்திலும் ஆடியவைதான் இந்த ஆறும். கிட்டிப்புள் கூரான கட்டை. குளத்துப் படியிலிருந்து குதிப்பது உயரமும் நீரும். பனைவண்டி உருட்டுவது வேகம். இவற்றை முழுக்கத் தடுத்துவிட்டால் பிள்ளைக்கு ஆபத்தோடு பழகும் வாய்ப்பே போய்விடுகிறது. பிறகு பதினைந்து வயதில் முதன்முதலாக ஆபத்தைச் சந்திக்கும்போது அது அண்ணனின் மோட்டார் சைக்கிளாக இருக்கிறது. கோடை விடுமுறை வந்தால் குளத்திலும் ஆற்றிலும் மூழ்கிய பிள்ளைகளின் செய்தி கேரளப் பத்திரிகைகளில் வராமல் இருப்பதில்லை. அந்தப் பிள்ளைகள் போன இடத்தில் பெரும்பாலும் பெரியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஆள் நிற்கும் திடலை ஆபத்தானது என்று ஒதுக்கிவிட்டு, ஆளில்லாத நீர்க்கரைக்குப் பிள்ளையை விட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வெறும் மைதானம் என்றால் அது கிரிக்கெட்டுக்குப் போய்விடும். கிரிக்கெட் பெரிய பையன்களுக்குப் போய்விடும். பத்து, பதினோரு வயதானதும் பெண் பிள்ளை ஓரமாக நிற்பாள், பிறகு வருவதை நிறுத்திவிடுவாள். அவளை யாரும் விரட்டியிருக்க மாட்டார்கள். அவளுக்கென்று அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான். மாற்றுத்திறன் பிள்ளையின் நிலை இன்னும் மோசம். மார்ஜரி ஆலன் தன் கடைசிக் காலத்தில் உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கென்றே லண்டன் செல்சியில் ஒரு திடலை உண்டாக்கினார். இந்த ஏற்றத்தாழ்வைக் கவனித்து, பெண் பிள்ளை கட்டும் குடிசையைப் பையன்கள் பந்தால் உடைக்காமல் பார்த்துக்கொள்ள, ஒருவர் அங்கே தினமும் இருக்க வேண்டும். வேலி போட்டுச் செய்யக்கூடிய காரியமா அது?

பொங்காலைச் செங்கல்

சாமான் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்கு ஸ்ரீவராகத்தைப் போல் பதில் வைத்திருக்கும் இடம் உலகத்தில் வேறு உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

ஆற்றுக்கால் பொங்காலையன்று நகரத்தின் சாலைகளெல்லாம் அடுப்பாகும். மூன்று செங்கல் வைத்து, ஓலை எரித்து, லட்சக்கணக்கான பெண்கள் பொங்கலிடுவார்கள். 2009இல் அந்தக் கூட்டம் 25 லட்சம் என்று கின்னஸில் ஏறியது. பொங்காலை முடிந்ததும் அந்தச் செங்கற்களை மாநகராட்சி பொறுக்கிச் சேர்த்து ஏழைகளுக்கு வீடு கட்டக் கொடுக்கிறது. நகரமே பெருமைப்பட வேண்டிய வழக்கம் இது. அதில் ஒரு லாரிச் செங்கல் பிள்ளைகளுக்கு வந்தால் போதும், ஒரு வருடம் கட்டி இடித்துக் கட்டுவார்கள். சாலைக் கடைத்தெருவில் பழப்பெட்டி, சாக்கு, கயிறு. பூந்துறைப் பக்கம் போனால் கழித்துப்போட்ட வலை. ஒவ்வொரு தென்னையிலிருந்தும் மட்டையும் ஓலையும். தேர்தல் முடிந்தால் ஃப்ளெக்ஸ், திருவிழா முடிந்தால் பந்தல் மூங்கில். வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையின் பெண்களுக்கு எந்த வீட்டில் என்ன கிடக்கும் என்பது அத்துப்படி. செங்கல்சூளையில் வாழ்ந்த வாழ்க்கையை எழுதி, அந்தப் புத்தகம் பல்கலைக்கழகப் பாடமாகும் அளவுக்கு உயர்ந்த தனுஜா குமாரி அந்தச் சேனையின் ஊழியர்தான்.

சாலைக் கடைத்தெரு என்றதும் ஆ. மாதவனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடை வைத்துக்கொண்டே அந்தத் தெருவை எழுதியவர். 2015இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர். அவர் கதைகளில் வரும் சுமைதூக்கிகளும் அனாதைகளும் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்கள். இன்றும் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் உண்டு. இப்போது வங்காளியும் இந்தியும் பேசும் தொழிலாளர்களின் பிள்ளைகளும் சேர்ந்திருக்கிறார்கள். பள்ளியில் மொழி தெரியாமல் கடைசி பெஞ்சில் ஒடுங்கும் பிள்ளைக்கு, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள எந்த மொழியும் தேவையில்லை. துணைவரை ஒருத்தி சேச்சி என்பாள், ஒருவன் அக்கா என்பான், இன்னொருவன் தீதி என்பான்.

இடத்துக்கும் பஞ்சமில்லை என்றே சொல்வேன். அட்டக்குளங்கரை அரசுப் பள்ளியின் நிலத்தில் பேருந்து நிலையமும் வணிக வளாகமும் கட்டும் திட்டம் வந்தபோது, கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்டோர் நின்று போராடினார்கள். பிள்ளைகளின் நிலம் என்றால் இந்த நகரம் எழுந்து நிற்கும் என்பதற்கு அது சாட்சி. நகரத்து அரசுப் பள்ளிகளின் வளாகங்கள் மாலையிலும், ஏப்ரல், மே முழுக்கவும் பூட்டியே கிடக்கின்றன. சுற்றுச்சுவர், தண்ணீர், கழிப்பறை, நிழல் எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. புதிதாக ஒரு சென்ட் நிலம்கூட வாங்க வேண்டாம்.

சம்பளப் பட்டியலில் ஒரு பெயர்

நம் ஊரில் பூங்கா என்றால் டெண்டர் விட்டு ஊஞ்சல், சறுக்கு, ஏற்றப்பலகை வாங்கிப் பதிப்பார்கள். திறப்பு விழா, கல்வெட்டு. ஆறு மாதத்தில் ஊஞ்சலின் ஒரு சங்கிலி அறும். அப்புறம் அது அப்படியே தொங்கும். பூங்காவில் சம்பளம் வாங்குபவர் காவலாளி. அவருடைய வேலை பிள்ளைகளைச் செடி மிதிக்காமல் விரட்டுவது. ஊஞ்சல் வாங்கும் செலவுக்குக் கணக்குத் தலைப்பு உண்டு. ஊஞ்சலின் பக்கத்தில் நிற்கும் மனிதருக்கு இல்லை. என் மனக்குறை எல்லாம் இதுதான். மேலே சொன்ன எந்தத் திடலிலிருந்தும் துணைவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குப்பைமேடு.

கேரளம் இதைச் செய்ய முடியாத மாநிலமல்ல. பிள்ளைகளோடு நிற்க ஆளை அனுப்பும் வழக்கம் அங்கே வேரூன்றியிருக்கிறது. அங்கன்வாடி ஊழியர் இல்லாத வட்டாரம் இல்லை. பி.என். பணிக்கர் 1945இல் கட்டியெழுப்பிய நூலக இயக்கத்தின் படிப்பகங்களில் பிள்ளைகளுக்கென பாலவேதி நடக்கிறது. 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் கீழ் பிள்ளைகளின் பாலசபைகள் இருக்கின்றன. இதே மாவட்டத்தின் வெஞ்ஞாறமூட்டில், நாடக ஆசிரியர் ஜி. சங்கரப் பிள்ளையின் வழிகாட்டலில் கொச்சு நாராயண பிள்ளை 1970இல் தொடங்கிய ரங்கபிரபாத், கிராமத்துப் பிள்ளைகள் மாலையில் வந்து ஆடிப்பாடி நடிக்கும் களமாக ஒரு தலைமுறையைத் தாண்டி நின்றிருக்கிறது. ஒரு மனிதர் தன் வாழ்நாளை அதற்குக் கொடுத்தார், அதனால் நின்றது. எல்லா வட்டாரத்துக்கும் அப்படியொரு தியாகி கிடைப்பாரா? கிடைக்க மாட்டார். சம்பளம் வாங்கும் ஊழியர் கிடைப்பார்.

குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கென உள்ளாட்சித் திட்டப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது கேரளத்தில் விதி. அந்தப் பங்கிலிருந்து இரண்டு பேருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம், ஒரு பெண், ஓர் ஆண். கரிமடத்திலோ முட்டத்தறையிலோ வளர்ந்த, அந்தப் பிள்ளைகளின் வீட்டைத் தெரிந்த இளைஞர்களாக இருக்க வேண்டும். செங்கல்சூளையில் ‘அயன்’ வீடியோ எடுத்த வயதுப் பையன்கள் இப்போது இருபதைத் தொட்டிருப்பார்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தோன்றவில்லை. முதலுதவிப் பயிற்சி, விபத்துக் காப்பீடு, ஒரு கருவிப் பெட்டி, பால் காய்ச்ச ஓர் அடுப்பு, தினமும் என்ன நடந்தது என்று எழுதிவைக்க ஒரு நோட்டு. வேறு பெரிய செலவு எனக்குத் தெரிந்து இல்லை.

ஆற்றுக்கால் பொங்காலை கும்ப மாதத்தில், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். ஏப்ரல் பிறந்தால் பள்ளிகள் பூட்டிவிடும். ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் ஏதேனும் ஓர் அரசுப் பள்ளி வளாகத்தின் சாவியும், ஒரு லாரிச் செங்கல்லும், இரண்டு நியமன உத்தரவும் மார்ச் மாதத்துக்குள் கிடைத்துவிட்டால், வருகிற கோடை விடுமுறையின் இரண்டு மாதத்தை முதல் சோதனையாக நடத்திவிடலாம்.